எல்லா இயந்திரமும் ஆகிற ஓர் இயந்திரம்
ஆலன் டூரிங் வாழ்க்கையிலிருந்து சில பக்கங்கள்



நம்ம ஊர் ஆண்டு மலரில் விஞ்ஞானியின் வாழ்க்கை என்றால் திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சர் சி.வி. ராமனைப் பற்றித்தான் எழுதுவது வழக்கம். அது நியாயமும்கூட. ஆனால் இந்த முறை வேறொருவரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். காரணம், இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் நான் பட்ட பாடு!

திருச்சியில் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, எட்டே முக்காலுக்கெல்லாம் போய் நிற்பேன். அங்கே மேசைகளில் முழுக் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. அதற்குத் தின் கிளையன்ட் என்று பெயர். ஊழியர்கள் பார்க்கிற விண்டோஸ் உள்ளறையில் இருக்கும் சர்வரில் ஓடுகிறது. ஒரே சர்வர் அறுபது கம்ப்யூட்டராக வேஷம் கட்டிக்கொண்டு அறுபது மேசைக்கும் முகம் காட்டுகிறது. இதுதான் விர்ச்சுவல் டெஸ்க்டாப்.

தினமும் காலை ஒன்பது மணிக்குத் திரைகள் உறைந்து போகும். பத்தரைக்குத் தானாகச் சரியாகிவிடும். நாங்களும் கேபிளை மாற்றினோம், பெட்டியை மாற்றினோம், ரீஸ்டார்ட் பண்ணினோம். மறுநாள் ஒன்பது மணிக்கு மறுபடியும் அதே கதை! கேட்டவர்களிடம், அது சர்வர் பிராப்ளம், உங்களுக்குப் புரியாது என்று சொல்லிச் சமாளித்தோம்.

அந்தச் சிக்கல் எப்படித் தீர்ந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். தீர்ந்த வழியைத் தேடிப் படித்தபோது, அது 1949-லேயே ஒருவர் காட்டிய வழி என்று தெரிந்தது. ஒரே இயந்திரம் பல இயந்திரமாக நடிக்கலாம் என்று 1936-ல் கணக்குப் போட்டுக் காட்டியவரும் அவரேதான். அவர்தான் ஆலன் மாத்திசன் டூரிங்.

போத்தனூர் அம்மா

டூரிங் ஆங்கிலேயர். ஆனால் வேர் கொஞ்சம் நம் மண்ணிலும் ஓடுகிறது. அம்மா எத்தெல் சாரா பிறந்தது போத்தனூரில், 1881-ல். அம்மாவின் தகப்பனார் எட்வர்டு வாலர் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். சத்தம் போடாத பங்கா சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கியவர். மெக்கானிக்கல் நண்பர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்! அப்பா ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் 1908-ல் குன்னூரில் பிறந்தார்.

ஆலன் மட்டும் 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தார். இந்தியாவின் வெயிலும் நோயும் குழந்தைகளுக்கு ஆகாது என்று பெற்றோர் பயந்தார்கள். பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தாரிடம் விட்டுவிட்டுச் சென்னை மாகாணத்துக்குக் கப்பல் ஏறினார்கள். அம்மா அப்பா இருந்தும் அடுத்த வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர். ஹாஸ்டலில் இருக்கும் நம் நண்பர்களுக்கு அந்த வலி புரியும்.

1926-ல் ஷெர்போர்ன் என்ற பள்ளியில் சேர வேண்டிய முதல் நாள். நாடெங்கும் வேலைநிறுத்தம், ரயில் ஓடவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் சைக்கிளை எடுத்து, சுமார் 60 மைல் மிதித்துப் போய்ச் சேர்ந்தான். அந்தப் பள்ளியில் கிறிஸ்டோபர் மார்காம் என்று ஓர் உயிர் நண்பன் கிடைத்தான். 1930 பிப்ரவரியில் அவன் காசநோயால் இறந்து போனான். அந்த இழப்பு டூரிங்கைக் கடைசிவரை விடவில்லை. நண்பன் செய்ய நினைத்ததைத் தான் செய்து முடிக்க வேண்டும் என்ற வெறி பிறந்தது. 1931-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்தார்.

காகிதத்தில் ஓர் இயந்திரம்

1936-ல் அவருக்கு 24 வயது. நம்மில் பலர் அரியர் எழுதிக்கொண்டிருக்கும் வயது! அப்போது ஒரு கட்டுரை வெளியிட்டார். கணிதத்தில் எந்தக் கேள்வி கொடுத்தாலும் அதை நிரூபிக்க முடியுமா முடியாதா என்று சொல்லிவிடும் பொதுவான வழி உண்டா என்பது அன்றைய பெரிய கேள்வி. இல்லை என்று காட்டினார் டூரிங். அதைக் காட்டுவதற்காக மனதிலேயே ஓர் இயந்திரம் செய்தார். கட்டம் கட்டமாகப் பிரித்த நீண்ட நாடா. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் படிக்கும், எழுதும், இடமோ வலமோ நகரும். எப்போது என்ன செய்வது என்று ஒரு விதிப் பட்டியல். அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த படிதான் ஆச்சரியம். ஓர் இயந்திரத்தின் விதிப் பட்டியலையே நாடாவில் எழுதிவிடலாம் அல்லவா? அதைப் படித்து, அந்த இயந்திரம் நடப்பது போலவே நடக்கும் ஒரு பொது இயந்திரம் இருந்தால் போதும். கூட்டலுக்கு ஒன்று, பெருக்கலுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்ய வேண்டியதில்லை. ஓர் இயந்திரத்தைப் பற்றிய விவரமும் வெறும் டேட்டாதான் என்பது அதன் சாரம்.

இன்றைய சர்வர் அறைக்குள் போய்ப் பாருங்கள். ஒரு விர்ச்சுவல் டெஸ்க்டாப்பின் ஹார்டு டிஸ்க் என்பது ஒரு ஃபைல். காப்பி எடுக்கலாம், வேறு சர்வருக்குத் தூக்கிப் போடலாம், கெட்டுப்போனால் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வரவழைக்கலாம். டூரிங்கின் காகித இயந்திரம் இரும்பாகி, 1972-ல் ஐ.பி.எம். நிறுவனம் விஎம்/370 என்ற மென்பொருளை அறிவித்தபோது ஒரே பெரிய கம்ப்யூட்டர் பலருக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டராகத் தெரிந்தது. நம் மேசைக்கு அது வந்து சேர இன்னும் பல வருடம் ஆனது.

சைக்கிள் செயினும் சங்கேத மொழியும்

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர். டூரிங் பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய இடத்துக்குப் போனார். ஜெர்மானியர் எனிக்மா என்ற இயந்திரத்தால் செய்திகளைக் குழப்பி அனுப்பினார்கள். அதை உடைக்கும் வேலையைப் போலந்துக் கணித வல்லுநர்கள் முன்பே தொடங்கியிருந்தார்கள். அவர்கள் போட்ட அடித்தளத்தின் மேல் டூரிங் பாம்ப் என்ற இயந்திரத்தை வடிவமைத்தார். சக அறிஞர் வெல்ச்மன் அதை மேலும் மெருகேற்றினார்.

பாம்ப் எப்படி வேலை செய்தது? சரியான விடையை அது நேராகத் தேடவில்லை. எனிக்மாவின் அமைப்பு இப்படி இருக்கலாம் என்று ஒன்றை வைத்துக்கொள்ளும். அப்படியானால் இது இப்படி இருக்க வேண்டும், அது அப்படி இருக்க வேண்டும் என்று போய்க்கொண்டே இருக்கும். எங்காவது முட்டிக்கொண்டால் அந்த ஊகத்தைத் தூக்கிப் போட்டுவிடும். தப்பானதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம். அதை மனிதர்கள் சோதிப்பார்கள். பழுது பார்க்கிறவனுக்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

அவருடைய சைக்கிள் கதை இன்னும் ருசி. செயின் அடிக்கடி கழன்று விழும். கடைக்குப் போகாமல், எத்தனை மிதிக்கு ஒரு தரம் கழலுகிறது என்று எண்ணினாராம். ஒழுங்கான இடைவெளியில்தான் கழன்றது. வளைந்த ஓர் ஆரக்கம்பியும் நசுங்கிய ஒரு செயின் கண்ணியும் சந்திக்கும்போதெல்லாம் கழலுகிறது என்று கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். பழுது ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அந்த நேரத்தில் எதுவோ இரண்டு சந்திக்கின்றன என்று அர்த்தம்.

ஆள் பற்றாக்குறையால் வேலை தேங்கியபோது, 1941 அக்டோபரில் டூரிங்கும் மூன்று நண்பர்களும் மேலதிகாரிகளைத் தாண்டிப் பிரதமர் சர்ச்சிலுக்கே கடிதம் எழுதினார்கள். கேட்டது கிடைத்தது.

தொலைபேசிக் கம்பியில் ஒரு கனவு

போர் முடிந்ததும் 1945-ல் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, ஏஸ் என்ற கம்ப்யூட்டருக்குத் திட்டம் வரைந்தார். 1947 பிப்ரவரி 20 அன்று லண்டன் கணிதக் கழகத்தில் அதைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, கம்ப்யூட்டர் ஓரிடத்தில் இருக்க, தூரத்தில் உட்கார்ந்து தொலைபேசிக் கம்பி வழியாக அதை இயக்கலாம் என்றார். தூரத்து மேசையில் மலிவான சின்னக் கருவி இருந்தால் போதும் என்றார். நம் தின் கிளையன்ட் கண் முன்னே வருகிறதா இல்லையா?

இரண்டு, கம்ப்யூட்டரைக் கட்டி ஆளும் நிபுணர்கள் தங்கள் வேலை போய்விடும் என்று பயந்து, யாருக்கும் புரியாத பேச்சால் அதை மர்மமாக்கி வைக்கக்கூடும் என்று எச்சரித்தார். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்குப் புரியாது என்று நாங்கள் சொன்னது வேறென்ன?

ஏஸ் வேலை தாமதமானதால் மனம் சலித்து, 1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கிருந்த கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் கையேட்டையும் எழுதினார். நடுவில் ஓட்டம் வேறு! 1947-ல் ஒரு மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடத்தில் முடித்தார்.

வரிசை வரிசையாகச் சரிபார்

1949 ஜூனில் கேம்பிரிட்ஜில் ஒரு மாநாடு. ஒரு பெரிய புரோகிராம் சரியா என்று எப்படிச் சோதிப்பது என்பது டூரிங் எடுத்துக்கொண்ட பொருள். பெரிய கூட்டல் கணக்கை உதாரணம் காட்டினார். விடையை மட்டும் கொடுத்தால் சரிபார்ப்பவர் முழுக் கணக்கையும் போட வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் அடுத்த வரிசைக்கு ஏற்றிய எண்ணையும் எழுதிவைத்தால், ஒவ்வொரு வரிசையையும் தனியாகச் சோதிக்கலாம். புரோகிராமிலும் அப்படியே. இந்த இடத்துக்கு வரும்போது இது உண்மையாக இருக்க வேண்டும் என்று அங்கங்கே எழுதிவை, ஒவ்வொன்றாகச் சோதி என்றார்.

இனி எங்கள் அலுவலகக் கதைக்கு வருகிறேன். ஓர் அண்ணன் வந்து ஒரு தாளில் ஆறு வரி எழுதினார். பெட்டிக்கு ஐ.பி. முகவரி வந்ததா? கனெக்ஷன் புரோக்கர் பதில் சொல்கிறதா? பெயரும் பாஸ்வேர்டும் ஏற்கப்பட்டதா? டெஸ்க்டாப் ஒதுக்கப்பட்டதா? அது சர்வரில் எழுந்து நிற்கிறதா? ஊழியரின் புரொஃபைல் ஏறியதா? நம் ஸ்ரீரங்கம் கோயிலில் ஏழு பிராகாரம். கூட்டம் நகரவில்லை என்றால் எந்த வாசலில் நிற்கிறது என்றுதானே முதலில் கேட்போம்!

மறுநாள் ஒன்பது மணிக்கு வரிசையாகச் சோதித்தோம். முதல் நான்கும் சுத்தம். ஐந்தாவதில் மாட்டியது. சர்வரின் பிராசஸர் சும்மா இருக்கிறது, மெமரி போதுமானது, ஆனால் டிஸ்க் மட்டும் மூச்சு முட்டுகிறது. அறுபது பேரும் ஒரே நேரத்தில் வர, அறுபது டெஸ்க்டாப்பும் ஒன்றாக எழுகின்றன. அதோடு, எல்லாமே ஒரே மூல இமேஜிலிருந்து எடுத்த காப்பி என்பதால், அதிலிருந்த ஆன்டிவைரஸ் சோதனையும் சரியாக ஒன்பதுக்கு அறுபதிலும் தொடங்குகிறது. வளைந்த கம்பியும் நசுங்கிய கண்ணியும் சந்தித்த இடம் அதுதான்! வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கும் நேரத்தில் மொத்த ஊரும் வந்து நின்றால் எப்படி இருக்கும்?

ஏழரை மணியிலிருந்தே டெஸ்க்டாப்புகளைப் பத்துப் பத்தாக எழுப்பி வைத்தோம். மூல இமேஜில் ஆன்டிவைரஸ் நேரத்தை இரவுக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் தள்ளி வைத்தோம். ஒன்பது மணிச் சிக்கல் தீர்ந்தது. மாற்றிய கேபிள்களும் பெட்டிகளும் ஒரு பாவமும் அறியாதவை.

அந்தக் கடைசி நாட்கள்

1950-ல் இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை எழுப்பிப் புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். 1951-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ஆனால் 1952-ல் அவர் ஓர் ஆணோடு உறவு கொண்டிருந்ததற்காக வழக்கு வந்தது. அன்றைய இங்கிலாந்தில் அது குற்றம். சிறைக்குப் பதில் ஒரு வருடம் ஹார்மோன் சிகிச்சைக்கு உட்படச் சொன்னார்கள். ரகசியப் பணிக்கான அனுமதியும் பறிபோனது. நாட்டைக் காத்த மூளையையே நாடு நம்ப மறுத்தது.

1954 ஜூன் 7 அன்று சயனைடு விஷத்தால் இறந்தார். அப்போது வயது 41. தற்கொலை என்றது விசாரணை. விபத்து என்றே கடைசிவரை நம்பினார் போத்தனூரில் பிறந்த அந்தத் தாய். அவர் போரில் செய்த வேலை அப்போது வெளியுலகுக்குத் தெரியாது. 2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரச மன்னிப்பு வந்தது. 2021-ல் 50 பவுண்டு நோட்டில் அவர் முகம் வந்தது. வெள்ளையர் நமக்கு எழுதிவைத்த அதே மாதிரியான சட்டப் பிரிவை நம் உச்ச நீதிமன்றம் 2018-ல்தான் தளர்த்தியது.

கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய பரிசுக்கு 1966 முதல் அவர் பெயர்தான். 1994-ல் அதைப் பெற்ற ராஜ் ரெட்டி, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

தோழர்களே! டிப்ளமோ முடித்து நம்மில் பலர் சப்போர்ட் வேலைக்குத்தான் போகப் போகிறோம். காலையில் ஒருவர் திரை உறைந்து நிற்கும்போது அவருடைய ஒரு நாள் சம்பளமும் மேலதிகாரியிடம் வாங்கும் பேச்சும் நம் கையில் இருக்கிறது. ரீஸ்டார்ட் பண்ணுமுன் ஒரு தாள் எடுங்கள். எந்த இடத்தில் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கண்டுபிடித்ததை அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். டூரிங்குக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.

— மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்