தையற்காரர் ஆண்ட்ரூ ஜான்ஸன் சரித்திரம்

நூலும் தறியும் ஊசியும் கொண்டு வயிறு வளர்த்த குடிகளிற் பிறந்து, பிற தேயங்களில் அரசியலில் ஏற்றம் பெற்றோர் வரலாறுகளை எழுதுமாறு நம் சங்கத்து அன்பர் சிலர் எம்மைப் பன்முறை வேண்டியதுண்டு. அத்தகையோர் பலருள்ளும், அமெரிக்க ஐக்கிய மாகாணங்களின் 17-ஆவது ஜனாதிபதியாக வீற்றிருந்த ஆண்ட்ரூ ஜான்ஸன் என்பாரை ஈண்டு எடுத்துக்கொண்டோம். பழந்தமிழ் நூல்கள் துன்னகாரர் என்று வழங்கும் தையற்றொழிலாளர் இவர். ஒரு நாளேனும் பள்ளிக்கூடத்துப் பலகையில் அமர்ந்தறியாதவர். எம் வகுப்புச் சிறுவர்க்கு இவருடைய வரலாற்றின் முற்பகுதியைப் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தோம். பிற்பகுதியைச் சொல்லாது விடுவதே எம் வழக்கமாயிருந்தது. அது நேர்மையன்று என்று இப்போது தோன்றுதலின், இரண்டையும் எழுதுகின்றோம்.

ஜான்ஸன் 1808-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் வட கரோலினா மாகாணத்து ராலி நகரில் பிறந்தார். தந்தையார் ஜேக்கப், பிறரிடம் ஊழியஞ் செய்து பிழைத்த ஏழை. நீரில் மூழ்கவிருந்தாரைக் குதித்துக் காத்தவர். அதன்பின் உடல் நலிந்து 1812-இல் மாண்டார். அப்போது ஆண்ட்ரூவுக்கு வயது மூன்று. தாயார் பிறர் துணிகளை வெளுத்தும், தறியில் நெய்தும் மக்களைக் காப்பாற்ற முயன்றார். அவ்வருவாய் போதாமையால், மூத்தவனாகிய வில்லியத்தைப் போலவே இளையவனையும் பத்து வயதளவில் ஜேம்ஸ் ஸெல்பி என்னும் தையற்காரரிடம் முறி எழுதி ஒப்புவித்தார். 21 வயது நிரம்புமளவும் கூலியின்றி உழைத்தல் வேண்டும். உணவும் உடையும் தொழிற்பயிற்சியும் முதலாளி தருவார். இதுவே அம்முறியின் கருத்து.

தையற்காரர்கள் கால்மடித்து அமர்ந்து ஊசியோட்டும் அக்கூடத்தில் ஒரு நல்வழக்கம் இருந்தது. கைகள் வேலையில் இருக்கக் காதுகள் சும்மா இருத்தலாகாதென்று, ஊரிற் படித்தோர் சிலர் வந்து நூல்களை உரக்கப் படித்துக்காட்டுவர். அவற்றுள் பெரும் பேச்சாளர்களின் சொற்பொழிவுகள் அடங்கிய தொகுதி ஒன்று சிறுவன் ஆண்ட்ரூவின் உள்ளத்தைக் கவர்ந்தது. அந்நூலைக் கொண்டே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றான். தறிக்குழியில் அமர்ந்தவாறே கதை கேட்டு வளர்ந்த முதியோர் நம்முள்ளும் உளராதலின், இச்செய்தியின் அருமை நம்மனோர்க்கு எளிதில் விளங்கும்.

1824-இல், வயது 15 ஆக, ஊரார் ஒருவர் வீட்டின்மீது விளையாட்டாகக் கட்டை எறிந்த வழக்கிற்கு அஞ்சி, சகோதரர் இருவரும் ஓடிப்போயினர். ஸெல்பி பத்திரிகையில் விளம்பரம் செய்தார். இருவரையும் பிடித்துக் கொடுப்பார்க்கு 10 டாலர் பரிசு. ஆண்ட்ரூ ஒருவனை மட்டும் கொடுத்தாலும் அதே 10 டாலர் என்பது அவ்விளம்பரத்தின் பொருள். இளையவன் கைத்திறத்தை முதலாளி எவ்வாறு மதித்தார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. இரண்டாண்டு அயலூர்களில் தைத்துப் பிழைத்தபின், மீண்டு வந்து முறியைத் தீர்த்துக்கொள்ள முயன்றார் ஜான்ஸன். ஸெல்பி கேட்ட ஈடு அவரிடம் இல்லை. ஆகவே 1826-இல் தாயையும், தாய் மறுமணம் புரிந்த கணவரையும் உடன்கொண்டு, மலை கடந்து டென்னஸீ மாகாணம் சென்று, கிரீன்வில் என்னும் சிற்றூரில் தங்கினார். அவர்கள் வண்டியை ஈர்த்தது குருட்டுக் குதிரை ஒன்று என்பர்.

அவ்வூரில், காலஞ்சென்ற செருப்புத் தொழிலாளி ஒருவரின் மகளாகிய எலைஸா மக்கார்டில் என்னும் நங்கையை 1827-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் மணந்தார். மணமகனுக்கு 18 வயது, மணமகளுக்கு 16. எலைஸா பள்ளியிற் பயின்றவர். கணவர் தைத்துக்கொண்டிருக்க அவர் அருகிருந்து படிப்பார். எழுதவும் கணக்கிடவும் கற்பித்தார். ஜான்ஸன் தையற்கடையோ நாளடைவில் ஊரிலுள்ள தொழிலாளரும் கைவினைஞரும் கூடி அரசியல் பேசும் மன்றமாயிற்று. 1829-இல் அவர்கள் அவரை நகரசபை உறுப்பினராக்கினர். பின்னர் நகரத் தலைவர், மாகாணச் சட்டசபை உறுப்பினர் என்று படிப்படியாக உயர்ந்து, 1843-இல் வாஷிங்டன் பிரதிநிதிகள் சபையிற் புகுந்தார். 1853 முதல் 1857 வரை டென்னஸீ கவர்னர். அதன்பின் செனேட் சபை உறுப்பினர்.

தம் தொழிலை அவர் என்றும் மறைத்தாரல்லர். கவர்னராயிருந்தபோது, முன்னாளிற் கருமானாயிருந்த நீதிபதி ஒருவர் தம் கையால் அடுப்புக் கருவிகள் அடித்து அனுப்ப, ஜான்ஸன் பண்டுபோல ஊசி பிடித்து ஓர் அங்கி தைத்து அவர்க்கு அனுப்பினார். 1846-இல் சபையில் ஒரு விவாதம் நடந்தது. போர்க்கலை பயின்றோர் செய்யும் அரண் வேலையைக் கருமானோ தையற்காரனோ செய்ய இயலுமோ என்னும் பொருள்பட ஜெபர்ஸன் டேவிஸ் என்பார் பேசினார். பருத்தித் தோட்டங்களும் அடிமைகளும் உடைய செல்வர் அவர். குறி தம்மேலதன்று என்று பிறர் சொல்லியும் ஜான்ஸன் பொறுக்கவில்லை. எழுந்து உழைப்பாளர் மானத்துக்காக வெகுண்டு பேசினார். பின்னாளில் தென்மாகாணங்கள் பிரிந்தபோது அவற்றின் தலைவரானவர் இந்த டேவிஸே.

ஏழையர்க்கு நிலம் வேண்டும் என்பது ஜான்ஸனது தலையாய கொள்கை. உழுது பயிரிட முன்வரும் குடும்பத்துக்கு அரசாங்க நிலம் 160 ஏக்கர் இலவசமாகத் தருதல் வேண்டும் என்று 1846-இல் மசோதா கொணர்ந்து, பல்லாண்டு விடாது போராடினார். 1862-இல் லிங்கன் அத்தகைய சட்டத்துக்குக் கையொப்பமிட்டார். இதனை வாசகர் நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

தென்மாகாணங்கள் பிரியத் தலைப்பட்டபோது, அவற்றின் செனேட் உறுப்பினருள் பதவி துறவாது ஒன்றியத்தின் பக்கம் நின்றவர் ஜான்ஸன் ஒருவரே. 1861-இல் ஊர் திரும்பும் வழியில் ஒரு கூட்டம் புகைவண்டியிற் புகுந்து அவரைத் தாக்க, கைத்துப்பாக்கியை நீட்டித் தப்பினார். லிங்கன் 1862-இல் அவரை டென்னஸீயின் இராணுவக் கவர்னராக்கினார். 1864 தேர்தலில் அவரே உபஜனாதிபதி வேட்பாளராகவும் நின்றார். 1865 மார்ச் 4-ஆம் நாள், நோயுற்றிருந்த உடம்புக்கு வலுவென்று மது அருந்தி, பதவியேற்புச் சபையில் அவர் உளறியது பெரும் பழியாயிற்று. ஏப்ரல் 14 இரவு லிங்கன் சுடப்பட்டார். மறுநாட்காலை அவர் உயிர் துறக்க, ராலி நகரத்து ஓடிப்போன சிறுவன் ஜனாதிபதியானார்.

இம்மட்டில் நிறுத்தினால் கதை இனிது. எம் மாணாக்கர்க்கு யாம் நிறுத்தியதும் இங்கேதான்.

ஆனால் ஜான்ஸனும் அடிமைகளை வாங்கி வைத்திருந்தவர். 1840-களில் டாலி என்னும் பெண்ணையும், ஸாம் என்னும் அவள் உடன்பிறந்தானையும் விலைக்கு வாங்கினார். 1863 ஆகஸ்டு 8-ஆம் நாள் தம் அடிமைகளை விடுதலை செய்தார். மறு ஆண்டு நாஷ்வில் நகரில், தீவட்டி ஏந்தி வந்த கறுப்பு மக்கள் பெருங்கூட்டத்தின் முன் நின்று, எகிப்தினின்று யூதரை மீட்ட மோசேயைப் போலத் தாம் அவர்களை வழிநடத்துவதாக வாக்களித்தார். அவ்வாக்கு என்னவாயிற்று என்று பார்ப்போம்.

1865 மே 29-ஆம் நாள், கலகம் செய்த தென்னாட்டார்க்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார். 20,000 டாலருக்கு மேற்பட்ட சொத்துடையார் தம்மிடமே நேரே விண்ணப்பித்தல் வேண்டும் என்றார். தையற்காரன் என்று இகழ்ந்த பெருநிலக்கிழார் அவர் வாயிலில் வந்து காத்து நின்றனர். அக்காட்சி அவர்க்கு இன்பம் தந்தது என்று கருதுவார் உளர். எமக்கும் அதுவே உண்மையெனப் படுகின்றது. நின்றவர்கள் கேட்டதைப் பெற்றுச் சென்றனர். மன்னிப்புப் பெற்றோர் தம் நிலத்தையும் கேட்டனர். அவ்வாண்டு ஜனவரியில், ஷெர்மன் என்னும் தளபதி கடற்கரையோரத் தோட்டங்களை 40 ஏக்கர் வரையில் பகுத்து, விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு விட ஆணையிட்டிருந்தார். ஆயிரக்கணக்கானோர் குடியேறி விதைத்துமிருந்தனர். ஜான்ஸன் அந்நிலங்களைப் பழைய உடைமையாளர்க்கே திருப்புமாறு கட்டளையிட்டார். இலவச நிலத்துக்காக ஏழையின் பொருட்டுப் பல்லாண்டு வழக்காடிய அதே மனிதர், ஏழையின் நிறம் மாறியவுடன் நிலத்தைப் பறித்தார்.

தென்மாகாணச் சபைகள், விடுதலை பெற்றோர் வேலையின்றித் திரிந்தால் தண்டிக்கவும், ஒப்பந்தத்தால் தோட்டத்தோடு பிணைக்கவும் சட்டங்கள் இயற்றின. திக்கற்றவரென்று குறிக்கப்பட்ட கறுப்புச் சிறுவரைப் பழைய எஜமானரிடமே தொழில் பழக முறியெழுதிக் கட்டவும் அவற்றுள் வகையிருந்தது. முறியில் கட்டுண்டு ஓடிப்போன ஜான்ஸன் இதனைத் தடுத்தாரல்லர். 1866 பிப்ரவரி 7-ஆம் நாள், அடிமையாயிருந்து தப்பி நாவலராய் உயர்ந்த பிரடெரிக் டக்ளஸ் உள்ளிட்ட தூதுக்குழுவினர் வந்து கறுப்பு மக்களுக்கு வாக்குரிமை வேண்டினர். அது வெள்ளை ஏழையர்க்கும் கறுப்பர்க்கும் பெரும்போரை மூட்டும் என்று சொல்லி மறுத்தார். இருசாரார் ஏழைமையும் ஒரே பருத்திக் காட்டில் விளைந்தது என்பதை டக்ளஸ் கண்டார். தம் இளமையை மறந்த ஜனாதிபதி காணவில்லை.

அடுத்த மாதம், அம்மக்களைக் குடிகளென ஏற்கும் குடியுரிமை மசோதாவை மறுத்தனுப்பினார். காங்கிரஸ் ஏப்ரல் 9-ஆம் நாள் மூன்றிலிரண்டு பங்கு வாக்கினால் அம்மறுப்பைத் தள்ளிச் சட்டமாக்கிற்று. அவர் ஆட்சியில் இவ்வாறு தள்ளப்பட்ட மறுப்புகள் 15. சட்டத்தை மீறி யுத்த மந்திரி ஸ்டாண்டனை நீக்கினார் என்று 1868 பிப்ரவரி 24-ஆம் நாள் பிரதிநிதிகள் சபை 126 வாக்குக்கு 47 வாக்காக அவர்மேற் குற்றஞ்சாட்டிற்று. அமெரிக்க ஜனாதிபதியருள் அந்நிலைக்கு ஆளான முதல்வர் அவரே. செனேட் விசாரணையில் குற்றவாளி என்றார் 35 பேர், அல்லர் என்றார் 19 பேர். நீக்குதற்கு 36 வேண்டும். ஒரு வாக்கினால் பிழைத்தார். நீக்கச் சொன்ன சட்டக் காரணம் வலுவற்றது என்று பிற்காலத்தார் பலர் கருதினர். அதனை யாமும் ஒப்புகின்றோம். அவர் செய்த பெருந்தீங்கு அச்சட்டப் பிழையன்று. 1867-இல் ரஷ்யரிடமிருந்து அலாஸ்காவை 72 இலட்சம் டாலருக்கு வாங்கியதும் அவர் காலத்திலேயே.

1869-இல் ஊர் திரும்பினார். தோல்விகள் பல கண்டபின் 1875-இல் மீண்டும் செனேட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜனாதிபதியாயிருந்து அச்சபை புகுந்தவர் வேறொருவர் இலர். அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் மகள் வீட்டில் உயிர் நீத்தார். தேசக்கொடியைப் போர்த்தி, அரசியற் சட்டப் பிரதியைத் தலையணையாக வைத்து, கிரீன்வில் குன்றின்மேல் அடக்கினர். ஆறு திங்களுள் எலைஸாவும் அவரைப் பின்பற்றினார்.

அவ்வூரில் அவர் தையற்கடையை, அதன்மேல் செங்கற் கட்டிடம் ஒன்றெழுப்பி, உள்ளே பழுதுபடாது காத்து வருகின்றனர். ஸாமைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 1867-இல் ஸாம் தம் மக்களுக்குக் கோயிலும் பள்ளியும் எழுப்ப நிலம் விலைக்குக் கேட்க, ஜான்ஸன் விலையின்றியே கொடுக்கச் சொன்னார். அடிமைகளை அவர் விடுவித்த ஆகஸ்டு 8-ஆம் நாளை டென்னஸீயில் கறுப்பு மக்கள் விடுதலைத் திருநாளாக இன்றும் கொண்டாடுகின்றனர். கிரீன்வில் ஊரில் அவ்விழாவை முன்னின்று தொடங்கி நடத்தியோருள் ஸாமும் ஒருவர்.