லைக்கா தந்த பார்னாக்

1879ஆம் ஆண்டு ஜேர்மனியிற் பிறந்த ஒஸ்கார் பார்னாக் ஈளை நோயினர். ஆயினும் படம்பிடிப்பதில் தீராக் காதலர். கண்ணாடித் தகடுகளோடு பெருங் கமராவைக் காடு மேடெல்லாம் சுமந்து திரிய மூச்சு இடங்கொடுக்கவில்லை. வெற்ஸ்லார் நகரில் லைற்ஸ் என்னும் நுணுக்குக்காட்டித் தொழிலகத்தில் அமர்ந்த பின், 1914 அளவில், சிறு கமரா ஒன்றைத் தாமே சமைத்தார். சினிமாச் சுருளைக் கிடையாக ஓடவிட்டமையால் படம் இருமடங்காகி, 24க்கு 36 மில்லிமீற்றர் ஆயிற்று. நுட்பமெல்லாம் இத்திருப்பத்திலேயே உளது! சிறிய படத்தைப் பெருப்பிக்குங்கால் தெளிவு குன்றாதிருக்க மாக்ஸ் பெரெக் வில்லை வகுத்தார். பணவீக்கத்தால் நைந்த நாடு தேறாதிருந்த 1924இல், பிறர் தயங்கவும் முதலாளி ஏர்ன்ஸ்ற் லைற்ஸ் துணிந்தார். மறு ஆண்டு லைப்சிக் சந்தையில் லைக்கா வெளிவந்தது. பார்னாக் 1936இல் மறைந்தார். தூரத்தைக் கண்ணால் மதித்து, வில்லையைக் கையால் திருகிப் படம்பிடிக்கும் இன்பத்தை நாடுவோர் அப்பழங் கமராக்களை இன்றும் கைவிட்டிலர்.