ஐஸ்கிரீம் விற்றுப் பல் கல்லூரி கண்டவர்

மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் ஒருவர் வழுக்கி விழுகிறார். முன்பல் பாதி உடைகிறது. வேர் உறுதியாக இருந்தால் பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. மிச்சப் பல்லைச் செதுக்கி, பக்கத்துப் பல்லின் நிறத்திலேயே பீங்கான் உறை மாட்டிவிடுகிறார்கள். பல்லுக்குக் 'கேப்' போடுவது என்கிறோமே, அதுதான்!

இந்த வித்தையைக் கற்றுத்தர 1920-க்கு முன் நம் நாட்டில் ஒரு கல்லூரி கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்தவர் டாக்டர் ரபியுதீன் அகமது.

கிழக்கு வங்காளத்தில் 1890-ல் பிறந்தவர். அமெரிக்கா போய், அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-ல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பாஸ்டனில் குழந்தைகளின் பல் மருத்துவமனையில் வேலை பார்த்தார். அங்கேயே தங்கியிருக்கலாம். தாயகம் திரும்பினார்.

1920-ல் கல்கத்தாவில் கல்லூரியைத் தொடங்கினார். பணத்துக்கு எங்கே போவது? ஐஸ்கிரீம் கடை நடத்தினார்! அந்த வருமானம் கல்லூரிக்குப் போயிற்று. பல்லைக் கெடுக்கும் பண்டத்தை விற்றுப் பல் வைத்தியத்தை வளர்த்தது வேடிக்கைதான். ஆரம்பத்தில் மாணவர்கள் மிகச் சிலரே. ஜின்னாவின் தங்கை பாத்திமா அங்கே படித்தவர்.

பல்லைப் பிடுங்காமல் செப்பனிடும் முறை பற்றி 1928-ல் மாணவர்களுக்கு நூல் எழுதினார். பாடுபட்டு வளர்த்த கல்லூரியை 1949-ல் அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார். 1964-ல் பத்மபூஷண் விருது வந்தது. மறு ஆண்டு காலமானார். கல்லூரி இன்றும் அவர் பெயரோடு நடக்கிறது.