‘கமாண்டன்ட்’ எப்படி ‘கும்மந்தான்’ ஆச்சு? யூசுப்கானின் கதை

மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் ஒரு பட்டாலியனுக்குத் தலைவர் ‘கமாண்டன்ட்’. இந்தச் சொல் தமிழுக்குப் புதுசு இல்லை. 18-ம் நூற்றாண்டிலேயே நம்ம ஊர் வாயில் புகுந்து ‘கும்மந்தான்’, ‘கம்மந்தான்’ என்று ஆகிவிட்டது. தென்மாவட்டங்களில் அந்தப் பட்டத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான்: மருதநாயகம் என்கிற யூசுப்கான்.

சொல்லுக்கு என்ன அர்த்தம்?

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ஆணையிடுபவர் என்று பொருள். இன்னும் பின்னால் போனால் லத்தீன். அங்கே ‘கை’, ‘கொடு’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து, ஒரு பொறுப்பைக் கையில் ஒப்படைப்பதைக் குறித்தன. ஆக, கமாண்டன்ட்டின் அதிகாரம் இன்னொருவர் கொடுத்தது. யூசுப்கான் வாழ்க்கையின் சிக்கலே அதுதான்.

யார் கொடுத்த அதிகாரம்?

ராமநாதபுரம் சீமையில் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர், பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார் என்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் சிப்பாய்களை நடத்தும் வேலையில் சேர்ந்து, அவர்கள் எல்லோருக்கும் கமாண்டன்ட்டாக உயர்ந்தார். 1758-59-ல் பிரெஞ்சு தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து தாக்கி எதிரியின் உணவு வரத்தைத் தடுத்தார்.

அடுத்து மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. பூலித்தேவர் உள்ளிட்ட பாளையக்காரர்களை கம்பெனிக்காக அடக்கியவரும் இவரே. ஒருபக்கம் கண்மாய்களைச் சீர்செய்தார், வரியும் ஒழுங்காக வசூலானது.

அவர் செல்வாக்கு ஆற்காடு நவாப் முகமது அலிக்குப் பிடிக்கலை. மதுரை தன் நாடு, யூசுப்கான் தனக்குக் கீழ்தான் என்றார் நவாப். வளர்த்துவிட்ட கம்பெனியும் நவாப் பக்கம் சாய்ந்தது. யூசுப்கான் பணியவில்லை, 1763-ல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

முற்றுகையும் முடிவும்

கம்பெனிப் படையும் நவாப் படையும் மதுரையை வளைத்தன. முதல் வருஷம் மழை வந்து முற்றுகை கலைந்தது. 1764-ல் மேஜர் கேம்பெல் தலைமையில் மறுபடி வந்தார்கள். கோட்டைக்குள் உணவு தீர்ந்தது. கடைசியில் எதிரி பிடிக்கலை. அக்டோபர் 13 அன்று சொந்த ஆட்களே அவரைக் கட்டி ஒப்படைத்தார்கள். இரண்டே நாளில், அக்டோபர் 15 அன்று, தூக்கிலிடப்பட்டார்.

மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது. கான்சா மேட்டுத் தெரு என்ற பெயரில் இருக்கும் ‘கான்சா’வும் கான்சாகிப்தான். ஒப்படைத்த பதவியை கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டது; கும்மந்தான் என்ற பெயரை மட்டும் மக்கள் விடவில்லை.