ரெண்டாம் நாயனம்



போன லீவில் டிரெயினிங் போய்விட்டு வந்தவங்க எத்தனை பேர்? நானும் போனேன். ஒரு மாசம் முழுக்க எனக்குக் கிடைச்ச வேலை என்ன தெரியுமா? லேத்தில் நிற்கிற பெரியவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, எண்ணெய்த் துணி நீட்டுவது. மெஷினைத் தொடவே விடலை! வீட்டுக்கு வந்து ஒரே புலம்பல். கேட்டுக்கொண்டிருந்த என் தாத்தா, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, காருக்குறிச்சியார் கதை தெரியுமாலே என்று ஆரம்பித்தார்.

செங்கோட்டை ரயிலில் சேரன்மகாதேவி தாண்டினால் வருவது காருக்குறிச்சி. மண்பானைக்குப் பேர் போன ஊர். 1921-ல் அங்கே பிறந்தவர்தான் நாதஸ்வர மேதை அருணாசலம். சின்ன வயசிலேயே நாயனம் பழகி, சுத்துப்பட்டுக் கோயில், கல்யாண வீடு என்று வாசித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் நாயனம் என்றால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைதான். அவர் தோடி வாசித்தால் ஊரே அசையாமல் நிற்குமாம். அவர் நம்ம பக்கம் கச்சேரிக்கு வந்தபோது, கூட வாசிக்கிறவர் வர முடியாமல் போக, உள்ளூர்ப் பையன் அருணாசலத்தை உட்கார வைத்தார்கள் என்பது இங்கே பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பையன் வாசித்தது பிள்ளைக்குப் பிடித்துப்போய்ச் சிஷ்யனாக்கிக்கொண்டார். பொருநைக்கரைப் பையன் காவிரிக்கரை போய்ச் சேர்ந்தான்.

மேளம் என்பது சின்னக் குழு. ரெண்டு நாயனம், ரெண்டு தவில், சுருதிக்கு ஒத்து, கூடவே தாளம். ஆலாபனையைப் பெரியவர் எந்தப் பக்கம் திருப்புவார் என்று ரெண்டாம் நாயனத்துக்கு முன்கூட்டித் தெரியாது. அவர் விட்ட இடத்தில் பிடிக்கணும். அவர் மூச்சு வாங்கும்போது இழை அறாமல் தாங்கணும். மிஞ்சவும் கூடாது, பின்தங்கவும் கூடாது. லேசுப்பட்ட வேலையா அது? அமெரிக்காவில் ஜாஸ் குழுக்களிலும் இதே கதைதான். 1922-ல் கிங் ஆலிவர் சிகாகோவுக்குக் கூப்பிட்டு, தன் பக்கத்தில் ரெண்டாம் கார்னெட் வாசிக்க வைத்த இளைஞர்தான் பின்னால் உலகமே கொண்டாடிய லூயி ஆம்ஸ்ட்ராங்!

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு விஷயம். நாயனத்தில் சாவி, வால்வு எதுவும் கிடையாது. ஆச்சா மரத்தில் கடைந்த கூம்புக் குழல், விரலுக்கு 7 துளை, நுனியில் நாணல் சீவாளி. அவ்வளவுதான். கீழே இருக்கும் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரி செய்வார்கள். கமகமெல்லாம் உதடு, மூச்சு, விரல் மூணும் சேர்ந்து செய்கிற வேலை. இதைப் புத்தகத்தில் படித்துக் கத்துக்க முடியுமா? பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆகணும். அருணாசலம் உட்கார்ந்தார். குருவின் மூச்சை அளந்தார்.

அப்புறம் தனி மேளம் கட்டினார். கோவில்பட்டியில் குடியேறினார். அன்றைக்கு அதுவும் திருநெல்வேலி ஜில்லாதான். எழுத்தாளர் கி.ராஜநாராயணன் அவருக்கு நெருங்கிய நண்பர். 1956-ல் குரு மறைந்தார். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படம் வந்தது. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையில், எஸ்.ஜானகி குரலும் அருணாசலம் நாயனமும் ஆபேரி ராகத்தில் போட்டி போட்ட 'சிங்கார வேலனே' பாட்டைக் கேட்காத தமிழன் உண்டா? கோயில் வாசலில் கேட்ட நாயனம் டீக்கடை ரேடியோ வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் காலம் அவருக்கு ரொம்ப விட்டுவைக்கலை. 1964-ல், நாற்பத்து மூணு வயதளவில் காலமானார். குருவுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது 8 வருஷம்தான்.

இத்தனையும் சொல்லிவிட்டுத் தாத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவரும் மேளக்காரர்தான். ஒரு சின்ன மேளத்தில் ஒத்து ஊதியவர். ராத்திரி முழுக்க ஒரே ஒரு ஸ்வரம். சுருதிப்பெட்டி வந்ததும் அந்த வேலையும் போச்சு. பக்கத்தில் உட்கார்ந்த எல்லாரும் காருக்குறிச்சியார் ஆகிவிட முடியாதுலே, ஆனா உட்காராமல் எவனும் ஆனதில்லை என்று முடித்தார். எனக்குத் தொண்டை அடைத்துப்போச்சு.

நண்பர்களே! அந்த லேத் பெரியவர் ஜாப்பைத் தொடும் முன்னாடியே, சத்தத்தை வைத்து டூல் மழுங்கிவிட்டதைச் சொல்லிவிடுவார். ஒரு மாசம் அவர் பக்கத்திலேயே நின்றும் அந்தச் சத்தத்தை நான் காதில் வாங்கவே இல்லை, ஸ்பேனரைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்த லீவில் அதே பட்டறைக்குப் போகப்போகிறேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கத்தான். ஆனால் இந்தத் தடவை காதைத் திறந்து வைத்துக்கொண்டு!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்