பெஸ்ஸி கோல்மன் கொடுத்த விலை

1921-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி, பன்னாட்டு வான்பயணக் கூட்டமைப்பின் பெயரில் பிரான்ஸில் ஒரு விமானி உரிமம் வழங்கப்பட்டது. பெற்றவர் பெஸ்ஸி கோல்மன் என்னும் அமெரிக்கப் பெண். அவர் பிறந்த ஆண்டு 1896 என்று அதில் எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அவர் பிறந்தது 1892-இல். வயதில் நான்கு ஆண்டுகளைக் குறைத்துச் சொல்லியிருந்தார். அதைப் பெண்களுக்கு இயல்பான கூச்சம் என்று சிரித்துவிட்டுக் கடந்து போகலாம். எனக்கு அப்படிக் கடந்துபோக மனம் வருவதில்லை. கையில் பணம் இல்லாதவர் ஒரு தொழிலின் வாசலை அடைவதற்குள் இழக்கும் ஆண்டுகள் எந்தக் கட்டண அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. அவற்றை அவர் தன் வயதிலிருந்தே கழித்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கறுப்பினப் பெண்களில் விமானி உரிமம் பெற்ற முதல் அமெரிக்கர் அவர். தந்தை வழியில் அமெரிக்கப் பழங்குடி வம்சாவளியும் அவருக்கு உண்டு. அவர் வாழ்க்கையைத் துணிச்சலின் கதையாகவே எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். துணிச்சல் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், பொருளாதாரம் கற்பித்தே தலை நரைத்த எனக்கு அது ஒரு வரவு-செலவுக் கணக்காகத்தான் முதலில் கண்ணில் படுகிறது. துணிச்சலைப் புகழும் அவசரத்தில் மூலதனத்தைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறோம்.

டெக்ஸாஸ் மாநிலத்தின் அட்லாண்டா என்ற சிற்றூரில் பிறந்தவர் பெஸ்ஸி. பெற்றோர்க்குப் பதின்மூன்று குழந்தைகள். வாக்ஸஹாச்சி என்ற ஊரில் பருத்திக் காட்டில் வாரத்துக்குப் பயிரிட்டு வாழ்ந்த குடும்பம் அது. கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளி ஒற்றை அறைக் கட்டடம்; அதற்கும் பல மைல் நடக்க வேண்டும். பருத்தி வெடித்துவிட்டால் பள்ளிக்கூடம் நின்றுவிடும். 1901-இல் தந்தை ஒக்லஹோமா பகுதிக்குப் போய்விட, தாய் சூசன் வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். கணக்கில் கெட்டிக்காரியான பெஸ்ஸிதான் குடும்பம் பறித்த பருத்தியின் எடையைக் கணக்கு வைத்தவர் என்பார்கள்.

பிறர் வீட்டுத் துணிகளைத் துவைத்துச் சேர்த்த பணத்துடன் 1910-இல் ஒக்லஹோமாவின் லாங்ஸ்டன் நகரிலிருந்த கறுப்பினத்தவர் கல்லூரியில் சேர்ந்தார். ஒரே பருவத்தில் பணம் தீர்ந்தது; ஊர் திரும்பி மீண்டும் துணி துவைத்தார். கல்லூரிகளில் இடைநின்ற மாணவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். படிப்பு வராமல் போனவர்களைவிட, இரண்டாம் பருவக் கட்டணம் கட்ட முடியாமல் போனவர்களே மிகுதி. வருகைப் பதிவேட்டில் இருவருக்கும் ஒரே கோடுதான் போடப்படும்.

1915 வாக்கில் அண்ணன்மார் வாழ்ந்த சிகாகோவுக்குப் போனார். முடிதிருத்தும் கடையில் ஆடவர்க்கு நகங்களைச் சீர்செய்து மெருகிடும் வேலை. முதல் உலகப் போரில் பிரான்ஸில் பணியாற்றித் திரும்பிய அண்ணன் ஜான், பிரெஞ்சுப் பெண்கள் விமானமே ஓட்டுகிறார்கள், உங்களால் அது ஆகுமா என்று தங்கையைக் கேலி செய்ததாகச் சொல்வார்கள். அந்தக் கேலியிலிருந்து பிறந்த பிடிவாதம் அவரை விமானப் பயிற்சிப் பள்ளிகளின் வாசலுக்கு அழைத்துச் சென்றது. அமெரிக்காவில் ஒரு பள்ளிகூட அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் கறுப்பினத்தவர், அதோடு பெண்.

கணக்கு இங்கேதான் சுவையாகிறது. உள்ளூரில் கற்க முடிந்த ஒருவருக்குச் செலவு பயிற்சிக் கட்டணம் மட்டுமே. அந்த வாசல் அடைபட்டதால் பெஸ்ஸியின் செலவுப் பட்டியலில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் கப்பல் கட்டணம் சேர்ந்தது. அயல்நாட்டில் தங்கிச் சாப்பிடும் செலவு சேர்ந்தது. பயிற்சி நடக்கும் மொழியைக் கற்கும் செலவும் சேர்ந்தது. பாகுபாட்டை அறநெறிப் பிழையாக மட்டும் பேசிப் பழகிவிட்டோம். அது ஒரு வரியும்கூட. வசதி குறைந்தவரிடம் கூடுதலாக வசூலிக்கப்படும் வரி. ஏழைக்கு எதுவும் மலிவு விலையில் கிடைப்பதில்லை என்பதை வகுப்பில் விளக்க வேண்டிய போதெல்லாம் இந்தப் பெண்ணின் பயணச் செலவைத்தான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன்.

அவர் எப்படிச் சமாளித்தார்? பிரெஞ்சு மொழி வகுப்பில் சேர்ந்தார். நகம் மெருகிடும் வேலையைவிடக் கூடுதல் வருவாய் தந்த, மிளகாய் சேர்த்த இறைச்சிக் குழம்பு விற்கும் உணவகம் ஒன்றின் பொறுப்பை ஏற்றார். சேமித்தார். அது போதாது. சிகாகோ டிஃபெண்டர் என்ற கறுப்பினத்தவர் வார இதழின் உரிமையாளர் ராபர்ட் அப்பாட் அவரைப் பிரான்ஸுக்குப் போகத் தூண்டியதோடு உதவியும் செய்தார். ஜெஸ்ஸி பிங்கா என்ற கறுப்பின வங்கியாளரும் உதவினார். முடிதிருத்தும் கடையில் நகரத்துப் பெரிய மனிதர்களின் கைகளைப் பிடித்து வேலை செய்த அனுபவமும், அதில் கிடைத்த அறிமுகங்களும் பயன்பட்டிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். பத்திரிகை அதிபருக்கு அது நல்ல செய்தி, விற்பனையும் கூடும். அதில் தவறில்லை. எந்த வங்கியும் பிணையின்றிக் கடன் தராத ஒருவருக்கு, புகழை எதிர்பார்த்துப் பணம் தருகிறவர்தான் கடைசிப் புகலிடம். ஆனால், அப்படிப்பட்ட பணம் பயிற்சி முடியும் வரைதான் வரும். அதற்குப் பிறகு வராது.

1920 நவம்பரில் கப்பலேறினார். பிரான்ஸின் வடக்கே, சோம் ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே லெ க்ரொட்வா என்னும் ஊர். அங்கே கோத்ரோன் சகோதரர்கள் நடத்திய பயிற்சிப் பள்ளி. கற்றுக்கொள்ளக் கிடைத்தது நியூபோர் வகை இரட்டை இறக்கை விமானம். மரச்சட்டமும் துணியும் கம்பியும் சேர்ந்த பொருள். ஆசிரியரும் மாணவரும் முன்னும் பின்னுமாக அமர வேண்டும். முன்னாலிருப்பவர் செய்வதைப் பின்னாலிருப்பவர் தம் கோலின் அசைவாலும் காலடிக் கட்டையின் அசைவாலும் உணர்ந்தே கற்க வேண்டும். சக்கரங்களுக்குத் தடுப்பு கிடையாது; தரையிறங்கிய விமானம் வால் கட்டை மண்ணில் உராய்ந்துதான் நிற்கும். உடன் பயின்ற ஒருவர் விபத்தில் இறந்ததைக் கண்டதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். ஏழு மாதத்துக்குள் உரிமம் பெற்றார்.

புகழ்பெற்ற அமீலியா இயர்ஹார்ட் தம் உரிமத்தைப் பெற்றது 1923-இல், அதாவது இரண்டு ஆண்டுகள் கழித்து. அவரும் பல வேலைகள் செய்துதான் பயிற்சிக் கட்டணம் கட்டினார். அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால், அவர் கலிபோர்னியாவில் வீட்டுக்கு எட்டிய தூரத்திலேயே கற்க முடிந்தது. முதல் விமானம் வாங்கத் தாயும் தங்கையும் பணம் கொடுத்தார்கள். இருவருக்கும் துணிச்சல் ஒன்றே. மூலதனம்தான் வேறு.

1921 செப்டம்பரில் நாடு திரும்பிய பெஸ்ஸியைச் செய்தியாளர்கள் சூழ்ந்துகொண்டார்கள். வேலை தரத்தான் யாருமில்லை. பயணிகள் விமானப் போக்குவரத்து அன்று பெரிதாக வளர்ந்திருக்கவில்லை. விமானத்தால் பிழைக்க வேண்டுமானால் வானில் சாகசம் காட்ட வேண்டும். அதற்கு அவருடைய பயிற்சி போதாது. அடுத்த ஆண்டே மீண்டும் ஐரோப்பா சென்று பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் மேற்பயிற்சி பெற்றார். உரிமம் என்பது முதல் தவணை மட்டுமே என்பது இன்றும் மாறவில்லை. நம் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். நிலத்தை விற்றும் வீட்டை அடமானம் வைத்தும் அந்த மணி நேரங்களை வாங்கும் பெற்றோர் பலர், குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சியும் தனிச் செலவும் உண்டு என்பதை உரிமம் கைக்கு வந்த பிறகே முழுமையாக உணர்கிறார்கள். பெஸ்ஸியின் இரண்டாம் கப்பல் பயணத்தைப் படிக்கும்போதெல்லாம் அவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

1922 செப்டம்பர் 3-ஆம் தேதி நியூயார்க் அருகே கர்டிஸ் திடலில் முதல் பொதுக் காட்சி. கூட்டம் திரண்டது. விமானம் இரவல். சொந்த விமானம் இல்லாத சாகச விமானியின் நிலை, ஏர் மாடு இல்லாத உழவனின் நிலைதான். கலிபோர்னியாவில் ஒரு டயர் நிறுவனத்துக்கு விளம்பரப் பணி செய்து, போர் முடிந்தபின் ராணுவம் கழித்துவிட்ட கர்டிஸ் ஜென்னி விமானம் ஒன்றை வாங்கினார். போர்க்காலத்தில் சில ஆயிரம் டாலர் விலைபோன அந்த விமானங்கள் அப்போது சில நூறு டாலருக்குக் கிடைத்தன. 1923 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் காட்சிக்குப் புறப்பட்டபோது, மேலெழும்பிய சிறிது நேரத்தில் இயந்திரம் நின்றது. விமானம் நொறுங்கியது, அவருடைய காலும் விலா எலும்புகளும் முறிந்தன. மாதக்கணக்கில் படுக்கை. ஒரே முதலீடு ஒரே நாளில் போயிற்று.

பணத்துக்கு இத்தனை முடை இருந்தும் அவர் வேண்டாமென்று தள்ளிய பணம் உண்டு. கறுப்பினத்தவர் தயாரித்த திரைப்படம் ஒன்றில் நடிக்க ஒப்புக்கொண்டிருந்தார். முதற்காட்சியில் கந்தலுடுத்தி, கையில் தடியும் முதுகில் மூட்டையுமாக நகருக்கு வரும் பட்டிக்காட்டுப் பெண்ணாகத் தோன்ற வேண்டும் என்றதும் விலகிக்கொண்டார். அதனால் அவரை மனம்போன போக்கினர் என்று சொன்னவர்கள் உண்டு. 1925-இல் சொந்த ஊரான வாக்ஸஹாச்சியில் காட்சி ஏற்பாடானபோது, வெள்ளையர்க்கும் கறுப்பினத்தவர்க்கும் தனித்தனி நுழைவாயில் என்றார்கள். ஒரே வாயில் இல்லையென்றால் பறக்கமாட்டேன் என்று உறுதியாக நின்று அதைப் பெற்றார். உள்ளே இருக்கைகள் பிரிந்தேதான் இருந்தன. எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பதை அவர் நன்கு தெரிந்து வைத்திருந்தார்.

அவர் தேடிய பணம் தமக்காக மட்டுமன்று. கறுப்பின இளைஞர்களுக்கு ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்குவதே நோக்கம். தாம் கடல் கடந்து தேடியதைப் பின்வருபவர்கள் உள்ளூரிலேயே பெற வேண்டும் என்று விரும்பினார். அதற்காகவே தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் அரங்குகளிலும் தம் பறப்புப் படங்களைத் திரையிட்டுச் சொற்பொழிவாற்றினார். ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோ நகரில் அழகு நிலையம் ஒன்றையும் திறந்தார். நகம் மெருகிட்டு விமானம் கற்றவர், விமானம் வாங்க மீண்டும் ஒப்பனைத் தொழிலுக்கே வந்தார்.

டல்லாஸில் ஒரு பழைய ஜென்னியைத் தவணையில் பேசி வைத்திருந்தார். சூயிங்கம் செல்வர் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் பீமன் உதவ, கடைசித் தவணை கட்டப்பட்டது. 1926 ஏப்ரலில் வில்லியம் வில்ஸ் என்ற 24 வயது இயந்திரப் பணியாளர் அதை டல்லாஸிலிருந்து ஜாக்சன்வில்லுக்கு ஓட்டி வந்தார். வழியில் கோளாறு ஏற்பட்டு இடையிடையே இறங்க வேண்டியிருந்தது. அதன் நிலையைக் கண்டவர்கள் அதில் பறக்க வேண்டாம் என்று பெஸ்ஸியைத் தடுத்தார்கள். வேறு விமானத்துக்கு அவரிடம் பணமில்லை. மறுநாள் காட்சி அறிவிக்கப்பட்டிருந்தது.

ஏப்ரல் 30-ஆம் தேதி காலை வில்ஸ் ஓட்ட, பெஸ்ஸி மற்றோர் இருக்கையில் அமர்ந்தார். பாராசூட்டில் குதிக்க ஏற்ற இடத்தை எட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால் இருக்கைப் பட்டையை அவர் மாட்டிக்கொள்ளவில்லை. பாராசூட்டும் அணிந்திருக்கவில்லை. சில நிமிடங்களில் விமானம் தலைகுப்புறச் சரிந்து புரண்டது. பெஸ்ஸி வெளியே வீசப்பட்டு இறந்தார். விமானத்தோடு விழுந்து வில்ஸும் இறந்தார். கட்டுப்பாட்டு இயங்குறுப்புகளிடையே ஒரு திருகுச்சாவி சிக்கியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. திருகுச்சாவியை மறந்துவிட்டுப் போனவர் யாரென்று தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை. எச்சரிக்கை கேட்ட பிறகும் ஒருவர் பழைய விமானத்தில் ஏறுகிறார் என்றால், பற்றாக்குறையான பணத்துக்கு ஈடாக உயிராபத்தை வைக்கிறார் என்று பொருள். கட்டுமானச் சாரத்தில் கயிறின்றி ஏறும் கூலித் தொழிலாளியும் அதே கணக்கைத்தான் போடுகிறார். அதை அசட்டுத் துணிச்சல் என்பவர்களுக்குக் கையில் மாற்று வழி இருந்திருக்கும்.

வெள்ளையர் நாளிதழ்கள் வில்ஸின் மரணத்தையே முதன்மைப்படுத்தின. சிகாகோவில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தனர். உரிமைப் போராளி ஐடா வெல்ஸ் அதை முன்னின்று நடத்தினார். பள்ளிக்காகச் சேர்த்த பணமெல்லாம் விமானத்திலேயே கரைந்திருந்தது.

1929-இல் வில்லியம் பவல் என்பவர் லாஸ் ஏஞ்சலிஸில் பெஸ்ஸி கோல்மன் பெயரால் விமானக் கழகம் தொடங்கினார். சிகாகோவில் கார் பழுதுபார்ப்பவர்களான ஜான் ராபின்சனும் கார்னீலியஸ் காஃபியும் விமான நுட்பம் கற்று, பிறருக்கும் கற்பித்தார்கள். அவர்களோடு சேர்ந்து பயின்ற வில்லா பிரவுன் 1938-இல் அமெரிக்காவிலேயே உரிமம் பெற்றார். கடல் கடக்க வேண்டியிருக்கவில்லை. 1939-இல் அமெரிக்க அரசு குடிமக்களுக்கான விமானிப் பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, காஃபியும் பிரவுனும் நடத்திய பள்ளியும் அதில் இடம்பெற்றது. பயிற்சிச் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்றது. பெஸ்ஸி இறந்து அப்போது பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.