2 முறை ஒதுக்கிய சொந்த ஊர்... இன்று இசை அரங்கின் வாசலில் அவர் பெயர்! யார் இந்த பிராம்ஸ்?

குழந்தைகளின் பொம்மையில் சாவியைத் திருகினால் மெதுவாக ஒரு தாலாட்டு மெட்டு கேட்குமே, ஞாபகம் இருக்கா? அநேகமாக அது யோஹானஸ் பிராம்ஸ் எழுதியதாக இருக்கும். ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்தான் அவரது சொந்த ஊர். அங்கே 'லைஸ்ஹாலே' என்ற சிம்பொனி அரங்கம் நிற்கும் சதுக்கத்துக்கே இன்று அவர் பெயர்தான். ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் கதையே வேற!

சந்துக்குள் பிறந்தவர்

1833 மே 7-ம் தேதி, கூலித் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த சந்துகள் நிறைந்த பகுதியில் பிறந்தார் பிராம்ஸ். அப்பா, ஆள் உயர டபுள் பாஸ் வாசித்துப் பிழைத்தவர். அம்மா தையல் வேலை செய்தவர், அப்பாவைவிட 17 வயது மூத்தவர். சிறு வயதில் பிராம்ஸ் மாலுமிகள் குடிக்கும் விடுதிகளில் பியானோ வாசித்தார் என்று ஒரு கதை உண்டு. ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை.

20 வயதில், புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஷூமன் இவரைப் பாராட்டிக் கட்டுரை எழுத, ஜெர்மனி முழுக்கப் பெயர் பரவியது. பிறகு ஹாம்பர்க்கில் பெண்கள் பாடகர் குழு ஒன்றை நடத்தினார். அந்தக் குழுவில் பாடிய தோழிக்குக் குழந்தை பிறந்தபோது எழுதியதுதான் அந்தத் தாலாட்டு.

கை நழுவிய வேலை

அவருக்கு இருந்த ஆசை ஒன்றுதான். ஹாம்பர்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் கண்டக்டர் ஆகணும். (பஸ் கண்டக்டர் இல்லைங்க, கையில் குச்சி பிடித்து மொத்தக் குழுவையும் வழிநடத்துபவர்!) அந்த வேலை கிடைத்தால் நிலையான சம்பளம், பெற்றோர் பக்கத்திலேயே வாழ்க்கை.

1862-ல் அந்த இடம் காலியாகும் நேரம். 29 வயது பிராம்ஸ் சில வாரப் பயணமாக வியன்னா போயிருந்தார். வேலை யாருக்குப் போச்சு தெரியுமா? அவருடைய நண்பரும் பாடகருமான ஸ்டாக்ஹவுசனுக்கு! சில ஆண்டுகளில் அந்த நண்பர் விலகியபோதும் ஊர் இன்னொருவரைத்தான் தேர்ந்தெடுத்தது. ஊர்க்காரர்கள் சந்தில் விளையாடிய பையனாகவே அவரைப் பார்த்தார்கள் போல.

சில வாரங்களுக்காகப் போன வியன்னாவே கடைசியில் வீடாகிவிட்டது. 1865-ல் அம்மாவுக்கு முடியவில்லை என்று தகவல் வர, அடித்துப்பிடித்து ஊருக்கு ஓடினார். வந்து சேர்வதற்குள் அம்மா இறந்துவிட்டார். அந்தத் துக்கம் கலந்ததாகப் பலரும் கருதும் 'ஜெர்மன் ரெக்வியம்' 1868-ல் முதலில் ஒலித்தது ஹாம்பர்க்கில் அல்ல, இன்னொரு துறைமுக நகரமான பிரேமனில்.

பீத்தோவனுக்குப் பிறகு சிம்பொனி எழுதவே பயந்தவர் பிராம்ஸ். முதல் சிம்பொனி 1876-ல் அரங்கேறியபோது அவருக்கு வயது 43.

தாமதமாக வந்த அழைப்பு

1889-ல் ஹாம்பர்க் அவருக்குக் கௌரவக் குடிமகன் பட்டம் கொடுத்தது. 1894-ல் அதே கண்டக்டர் வேலைக்கு அழைப்பும் வந்தது. அறுபதைத் தாண்டிவிட்ட பிராம்ஸ் மறுத்துவிட்டார். 1897 ஏப்ரல் 3-ம் தேதி வியன்னாவில் இறந்தார். ஹாம்பர்க் துறைமுகத்தில் கப்பல்கள் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கின.

இப்போ போனால் என்ன பார்க்கலாம்?

கப்பல் முதலாளி லைஸ் விட்டுச்சென்ற பணத்தில் 1908-ல் திறக்கப்பட்ட லைஸ்ஹாலேயில் சுமார் 2,000 பேர் உட்காரலாம். முன்கூடத்தில் பளிங்கில் பிராம்ஸ் நிற்கிறார். சதுக்கத்துக்கு அவர் பெயர் வந்தது 1997-ல்தான், அதாவது இறந்து 100 ஆண்டுகள் கழித்து! பிறந்த இடமும் பக்கத்தில்தான். ஆனால் அந்த வீடு 1943 குண்டுவீச்சில் அழிந்துவிட்டது.

அங்கிருந்து துறைமுகம் நடக்கும் தூரம்தான். கோகோ, டீ, புகையிலை அடுக்கிய பழைய கிடங்கின் மேல் கண்ணாடி அலை போல எழும்பும் எல்ப்ஃபில்ஹார்மோனி அரங்கம் (2017-ல் திறப்பு, 110 மீட்டர் உயரம்) அங்கேதான் இருக்கிறது. 37 மீட்டர் உயரத்தில் உள்ள மாடத்தில் நின்றால் எல்பே ஆறும் கிரேன்களும் தெரியும். ஊருக்குள் பீட்டர் தெருவில் பிராம்ஸ் மியூசியமும் இருக்கு. சின்ன வீடுதான், ஆனால் அவர் பாடம் நடத்திய பியானோவை அங்கே பார்க்கலாம்.